டிரௌட் மீனுக்குக் கோழியிறகால் பொய் ஈ கட்டும் முறை

நீலகிரி ஓடைகளில் டிரௌட் மீன் இயற்கையாக இருந்ததன்று. 1863-ம் வருஷத்தில் பிரான்ஸிஸ் டே என்பவர் இதனைக் கொணர முயன்றும் கைகூடவில்லை. 1907-ம் வருஷத்தில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பு நிலையம் ஏற்பட்ட பிறகே வானவில் டிரௌட் அங்கு நிலைபெற்றது. நீர்ப்பூச்சிகளை இம்மீன் நாடி உண்பதால், தூண்டில் முள்ளில் இறகைச் சுற்றிப் பூச்சிபோலத் தோன்றச்செய்து பிடிப்பது வழக்கம். இதுவே பொய் ஈ.

இதற்கெனக் காட்டுச்சேவலைத் தேடுவோர் உண்டு. அதன் கழுத்திறகிலுள்ள மெழுகு போன்ற புள்ளிகளை மேல்நாட்டுத் தூண்டிற்காரர் பெரிதும் விரும்பினர். ஆனால் 1972-ம் வருஷத்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அப்பறவையைப் பிடித்தலும் கொல்லுதலும் குற்றமாகும். காட்டோரக் கிராம உத்தியோகஸ்தர்கள் இதனைக் குடிகளுக்கு எடுத்துரைத்தல் நலம். மீனோ அப்புள்ளிகளைக் கேட்பதில்லை. நாட்டுக்கோழியின் கழுத்திறகே போதுமானது. முதிர்ந்த சேவலின் இறகு விறைப்பாயிருத்தலின் ஈ நீர்மேல் மிதக்கும். பெட்டையின் இறகு மெல்லியதாகையால் நனைந்து ஆழும். சில வாரங்களிலேயே அறுக்கப்படும் பண்ணைக்கோழி இதற்கு உதவாது. கறிக்கு அறுத்த சேவலின் கழுத்துத் தோலைக் கொழுப்பு நீங்கச் சுரண்டி, உப்புத் தடவி நிழலில் உலர்த்தி, அந்துருண்டையுடன் பெட்டியில் வைத்தால் நெடுநாள் கெடாது.

12 அல்லது 14-ம் எண் முள்ளைச் சிறு வைஸில் அசையாமல் இறுக்கவேண்டும். நரம்பு கோக்கும் கண்ணுக்குப் பின்னே எள்ளளவு இடம் விட்டு, மெழுகு தேய்த்த பட்டு நூலை வளைவுவரை நெருக்கமாகச் சுற்றவேண்டும். அங்கே நாலைந்து இறகிழைகளை வாலாகவும், பழுப்புக் கம்பளி நூலின் ஒரு பிரியையும் சேர்த்துக் கட்டுக. பட்டு நூலை முன்னே கொணர்ந்தபின் கம்பளியை முன்னோக்கிச் சுற்றினால் உடல் அமையும். முன்பகுதியில் கால்பங்கு இடம் காலியாக இருக்கட்டும்.

இனி இறகைச் சுற்றவேண்டும். கைப்பழக்கம் வேண்டுவது இங்கேதான். இழை, முள்ளின் வாயகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளமுள்ளதாகத் தேர்ந்து, அடியிலுள்ள பஞ்சுபோன்ற தூவியை நீக்கித் தண்டைக் கட்டுக. மிதக்கும் ஈக்கு நான்கு சுற்று, ஆழும் ஈக்கு இரண்டு சுற்று போதும். மிகுதியாகச் சுற்றுவதே புதியவர் பிழை. அவ்வாறாயின் ஈ பூச்சிபோலன்றிப் புதர்போல் காணும். நுனியை நூலால் கட்டி நறுக்கி, சில முடிச்சுகளிட்டு, ஒரு துளி வார்னிஷ் வைக்கவேண்டும். வார்னிஷ் காயுமுன் ஊசியால் கண்ணைத் துளைத்துவிடுக. அடைபட்டால் ஓடைக்கரையில் நரம்பு கோக்க இயலாது.