மூட்டையை யார் தாங்குவது?

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்து, கையைப் பக்கவாட்டில் நேராக நீட்டிப் பிடியுங்கள். கொஞ்ச நேரத்திலேயே தோள் கடுக்கும், கை நடுங்கும். அதே பாட்டில் நாள் முழுக்க நின்றாலும் மேசைக்கு ஒன்றும் ஆவதில்லை. இரண்டு இடத்திலும் பாட்டில் அசையவே இல்லையே, நமக்கு மட்டும் ஏன் களைப்பு?

நம் தசைக்குள் மயோசின் என்ற புரதம் இருக்கிறது. அது பக்கத்து இழையைப் பிடிக்கும், இழுக்கும், விடும், மறுபடி பிடிக்கும். வெளியே கை அசையாமல் இருந்தாலும் உள்ளே இந்த வேலை ஓயாது. ஒவ்வொரு பிடிக்கும் ஆற்றல் செலவாகும். எலும்புக்கு அந்தச் செலவு இல்லை. பாரத்தைத் தசையிடமிருந்து வாங்கி எலும்பிடம் கொடுப்பதுதான் சுமப்பதன் சூட்சுமம்.

இதில் நேபாளத்துச் சுமைகாரர்கள் கெட்டிக்காரர்கள். எவரெஸ்ட்டுக்குப் போகும் வழியில், சுமார் 3,400 மீட்டர் உயரத்தில், நாம்சே பஜார் என்ற சந்தை ஊர் இருக்கிறது. அங்கே சரக்கு மனிதர் முதுகில் ஏறிப் போகும். முதுகில் ‘டோகோ’ என்ற மூங்கில் கூடை. அதன் அடியைச் சுற்றிவரும் ‘நாம்லோ’ என்ற பட்டை தலைக்கு மேல். பாரம் தலையிலிருந்து கழுத்து, முதுகு முள்ளெலும்புகள் வழியாகக் கீழே இறங்குகிறது. 2005-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, நாம்சே போகும் பாதையில் ஆண்கள் தங்கள் உடல் எடையில் சராசரியாக 93 சதவீதமும், பெண்கள் 66 சதவீதமும் சுமந்தார்கள். 50 கிலோ எடையுள்ளவர் முதுகில் 46 கிலோவுக்கு மேல்! கேட்கவே மலைப்பாக இருக்கிறது.

அவர்கள் அவசரப்படுவதில்லை. மெதுவாகக் கொஞ்ச தூரம் நடப்பார்கள், நின்றுவிடுவார்கள். நிற்கும்போது கூடையைத் தரையில் இறக்குவதும் இல்லை. கையில் ‘தோக்மா’ என்ற குட்டைத் தடி இருக்கும், அதன் தலையில் ஒரு குறுக்குக் கட்டை. அதைப் பின்னால் கொண்டுபோய்க் கூடைக்கு முட்டுக் கொடுத்தால் பாரம் தடி வழியாகத் தரைக்குப் போய்விடும். மூச்சு சீரானதும் தடியை எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

கீழே வைத்தால் என்ன? திரும்பத் தூக்க வேண்டுமே! 46 கிலோவை அரை மீட்டர் உயர்த்த ஏறக்குறைய 225 ஜூல் ஆற்றல் வேண்டும். உடலுக்கு அதைப்போல் நாலு மடங்கு செலவாகும், மிச்சமெல்லாம் வெப்பமாகப் போய்விடும். நிற்கும் ஒவ்வொரு தடவையும் இந்தச் செலவு என்றால் மலை ஏறி முடியுமா?

நம் ஊர்ப் பழைய சாலையோரங்களில் உள்ள சுமைதாங்கிக் கல்லிலும் இதே அறிவியல்தான். இரண்டு கல் நட்டு, மேலே ஒரு பலகைக் கல். தனியாக வருபவர் குனியாமல், இன்னொருவரைக் கூப்பிடாமல், தலைச்சுமையை அதன்மேல் தள்ளிவிடலாம், திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். கர்ப்பமாக இருக்கும்போது இறந்துபோன பெண்களின் நினைவாக அவற்றை நடும் வழக்கம் இருந்தது. எங்காவது ஒன்றைப் பார்த்தால், பக்கத்தில் அம்மாவை நிற்கச் சொல்லி, கல் அவர் தோள் வரை வருகிறதா என்று பாருங்கள்.