இட்டி அச்சுதன் சொன்ன பச்சிலைகள்

கேரளத்தில் கொச்சி என்ற துறைமுக ஊர் இருக்கிறது. அதன் பழைய பகுதிகள் போர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும். மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் நடந்தால் மிளகு, சுக்கு, ஏலக்காய் வாசனை மூக்கில் ஏறும். போர்ட் கொச்சியில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அங்கே வெளி என்ற இடத்தில் துணி வெளுக்கும் துறை இருக்கிறது. அதில் வேலை செய்வோர் தமிழர்கள். டச்சுக்காரர் காலத்தில் தங்கள் முன்னோர் அங்கே வந்ததாக அவர்கள் சொல்கிறார்கள்.

டச்சுக்காரர் என்றால் யார்? ஹாலந்து நாட்டுக்காரர். மிளகு வாங்கக் கப்பலில் வந்தவர்கள். 1663ஆம் ஆண்டு போர்த்துக்கீசியரிடமிருந்து கொச்சிக் கோட்டையைப் பிடித்தார்கள். அதன் பிறகு வான் ரீடு என்பவர் அங்கே அதிகாரியாக வந்தார்.

வான் ரீடுக்கு ஒரு கவலை இருந்தது. அவருடைய ஆட்கள் அடிக்கடி நோயில் விழுந்தார்கள். மருந்து ஐரோப்பாவிலிருந்து வர வேண்டும். கப்பல் வந்து சேரப் பல மாதம் ஆகும். அதற்குள் மருந்தின் வீரியம் போய்விடும். ஆனால் கோட்டைக்கு வெளியே இருந்த மக்களுக்கு மருந்து வேலியோரத்தில் முளைத்துக் கிடந்தது. அதை அவர் கவனித்தார். விவரம் தெரிந்த வைத்தியர்களைத் தேடினார்.

அப்படிக் கிடைத்தவர்தான் இட்டி அச்சுதன். கொச்சிக்குத் தெற்கே சேர்த்தலை இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் கடக்கரப்பள்ளி என்ற ஊர். அங்கே கொல்லாட்டு வீட்டைச் சேர்ந்தவர் அவர். ஈழவர் சாதியில் பிறந்தவர். அந்தக் காலத்தில் ஈழவர் கோயில் பக்கம் போக முடியாது. மேல்சாதிக்காரர் எதிரே வந்தால் விலகி நிற்க வேண்டும். ஆனால் காய்ச்சல் வந்தால், வயிறு வலித்தால், அதே மேல்சாதி வீட்டிலிருந்தும் ஈழவ வைத்தியருக்கு ஆள் வரும். வைத்தியம் பரம்பரையாக வந்த ஈழவக் குடும்பங்கள் பல இருந்தன. ஓலைச்சுவடியில் எழுதி வைத்துப் படித்தார்கள்.

இட்டி அச்சுதனும் அப்படித்தான். அவர் கொச்சிக் கோட்டைக்கு வந்தார். ஒவ்வொரு செடியாகப் பெயர் சொன்னார். எந்த நோய்க்கு எந்த வேர், எந்த இலை, எப்படி அரைப்பது என்று சொன்னார். குடும்பச் சுவடியில் இருந்ததையும் சொன்னார், தாம் செய்து பார்த்ததையும் சொன்னார். அதை ஒருவர் மொழிபெயர்த்தார். மூன்று கொங்கணி வைத்தியர்களும் உடன் உழைத்தார்கள். ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்பது அவர்கள் பெயர். ஆட்கள் காட்டில் அலைந்து செடி கொண்டு வந்தார்கள். மரம் ஏறிப் பூவும் காயும் பறித்தார்கள். ஓவியர்கள் அவற்றைப் பார்த்துப் படம் எழுதினார்கள்.

இப்படி உருவான புத்தகத்தின் பெயர் ஹோர்ட்டூஸ் மலபாரிக்கூஸ். மலபார் தோட்டம் என்று பொருள். இலத்தீன் மொழியில் எழுதியது. 1678 முதல் 1693 வரை ஹாலந்தில் அச்சானது. மொத்தம் 12 பாகம். 742 செடிகள், மரங்கள், கொடிகள் அதில் உள்ளன. முதல் பாகத்தில் முதலில் வருவது எது தெரியுமா? தென்னை. தெங்கா என்றே பெயர் போட்டிருக்கிறார்கள். கமுகு, கொன்றை, புளி எல்லாம் அதில் உண்டு. நம் வீட்டுக் கொல்லையில் நிற்பவைதான்.

இந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் ஐரோப்பிய அறிஞர்கள் பலர் நம் செடிகளைத் தெரிந்துகொண்டார்கள். ஆயிரக்கணக்கான செடிகளுக்கு விஞ்ஞானப் பெயர் வைத்த லின்னேயஸ் என்பவரும் இதைப் பயன்படுத்தினார்.

வான் ரீடு ஒரு நல்ல காரியம் செய்தார். வைத்தியர்கள் எழுதிக் கொடுத்த சாட்சிக் கடிதங்களை முதல் பாகத்தில் அச்சிட்டார். இட்டி அச்சுதனின் கடிதத்தில் 1675ஆம் ஆண்டு, ஏப்ரல் 20 என்று தேதி இருக்கிறது. கோலெழுத்து என்னும் பழைய எழுத்தில் எழுதியிருக்கிறார். ஊர், வீடு, தாம் செய்த வேலை எல்லாம் அதில் உண்டு. அந்த ஒரு தாள் இல்லாவிட்டால் இட்டி அச்சுதனைப் பற்றி நமக்கு மிகக் குறைவாகவே தெரிந்திருக்கும். செடி கொண்டு வர மரம் ஏறியவர்கள் யாருக்கும் அப்படித் தாள் இல்லை.

மண்ணும் உடம்பும்

இட்டி அச்சுதன் போன்றவர்கள் செடியை மட்டும் பார்க்கவில்லை. நோயாளி எந்த ஊர் என்று கேட்பார்கள். ஆயுர்வேதம் நிலத்தை மூன்று விதமாகப் பிரிக்கிறது. வறண்ட நிலம், ஈர நிலம், இரண்டும் கலந்த நிலம். வறண்ட நிலத்தில் வாதம் கூடும் என்றும், ஈர நிலத்தில் கபம் கூடும் என்றும் சொல்கிறது. உடம்பில் வாதம், பித்தம், கபம் மூன்றும் அளவாக இருப்பதே நலம். ஒன்று மிஞ்சினால் நோய். நிலமும் பருவமும் அந்த அளவைக் கூட்டும், குறைக்கும். ஆகவே மண்ணை விட்டுவிட்டு உடம்பை மட்டும் பார்க்க முடியாது என்பது அவர்கள் எண்ணம்.

கேரளத்தில் இன்றும் இதைப் பார்க்கலாம். நமக்கு ஆடி மாதம் வரும்போது அங்கே கர்க்கடக மாதம். கொட்டும் மழை. பசி மந்தமாகும். கை கால் வலிக்கும். அப்போது நவரை அரிசியில் வெந்தயமும் மூலிகையும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சிக் குடிப்பார்கள். எண்ணெய் தேய்த்துக்கொள்வார்கள். தசபுஷ்பம் என்று பத்துச் செடிகளைப் பறித்து வீட்டில் வைப்பார்கள். பெண்கள் தலையிலும் சூடுவார்கள். அந்தப் பத்தில் அருகம்புல், கரிசலாங்கண்ணி, சிறுபூளை, முடக்கத்தான் உண்டு. அது சாமி காரியமா, வைத்தியமா? அவர்களைக் கேட்டால் இரண்டையும் பிரித்துச் சொல்ல மாட்டார்கள்.

காவும் அப்படித்தான். காவு என்றால் சாமிக்கு விட்ட சிறு காடு. நம் ஊரில் ஐயனார் கோயில் காடு இருக்கிறதே, அதைப் போல. கேரளத்தில் பல வீட்டு மனைகளில் ஒரு மூலையை நாகத்துக்கு விட்டிருந்தார்கள். அங்கே மரம் வெட்டக் கூடாது. விறகு பொறுக்கக் கூடாது. ஆயில்ய நாளில் மஞ்சளும் மாவும் பாலும் படைப்பார்கள். புள்ளுவர் என்ற மக்கள் குடமும் வீணையும் இசைத்து நாகப் பாட்டு பாடுவார்கள். கோடரி படாததால் காவில் அரிய மூலிகைகள் தங்கின. அருகில் குளம் வற்றாமல் இருந்தது. பாம்பு எலியைத் தின்றதால் நெல் பிழைத்தது.

ஒன்று நினைவில் வைக்க வேண்டும். வழிபாடு வேறு, பாம்புக்கடி வேறு. பாம்பு கடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். விஷமுறிவு ஊசி அங்கேதான் இருக்கிறது.

பாகப்பிரிவினை வந்தபோது பல காவுகள் போயின. அரை ஏக்கர் நாலாகப் பிரிந்தால் பாம்புக்கு யார் இடம் விடுவார்? வீடு கட்ட இடம் வேண்டுமே. அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. பெரும்பாவூர் அருகே இரிங்ஙோள் காவு பெரிய காடாகவே நிற்கிறது. அது கோயிலைச் சுற்றிய காவு. கடக்கரப்பள்ளியில் இட்டி அச்சுதன் குடும்பத்தின் மனையில் குரியாலா என்ற சிறு கட்டிடம் இருக்கிறது. அங்கே அவர் நினைவாக விளக்கு ஏற்றுகிறார்கள்.

அறிவுக்குக் கூலி

இட்டி அச்சுதன் சொன்னதை வைத்து ஐரோப்பாவில் புத்தகம் விற்றது. லாபத்தில் மூலிகை அறிந்தவர்களுக்குப் பங்கு உண்டு என்ற பேச்சே அந்தக் காலத்தில் இல்லை. முந்நூறு ஆண்டு கழித்து அதே கேரளத்தில் ஒரு மாற்றம் நடந்தது.

1987ஆம் ஆண்டு விஞ்ஞானிகள் சிலர் அகத்தியர் மலையில் ஏறினார்கள். காணி என்ற பழங்குடி மக்கள் வழி காட்டினார்கள். விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்கியது. காணிகள் களைக்கவில்லை. நடக்கும்போதே ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டிருந்தார்கள். என்ன என்று கேட்டால் முதலில் சொல்லவில்லை. வெளியாருக்குச் சொல்லக் கூடாத செய்தி அது. வற்புறுத்திய பிறகு செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப் பச்சை.

திருவனந்தபுரம் அருகே பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆய்வு நிலையம் அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து செய்தது. 1995இல் அதைத் தயாரிக்கும் உரிமையைக் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்குக் கொடுத்தது. கட்டணம் 10 லட்சம் ரூபாய். அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவு செய்தார்கள். பணத்தை வைத்துக்கொள்ள 1997இல் காணிகளின் அறக்கட்டளை ஒன்று பதிவானது.

எல்லாக் காணிகளும் மகிழவில்லை. அவர்களில் வைத்தியமும் பூசையும் செய்பவர் பிலாத்தி. சில பிலாத்திகள் எதிர்த்தார்கள். சாமி கொடுத்த செடியை விலை பேச இவர்கள் யார் என்று கேட்டார்கள். காட்டில் இலை பறிக்க வனத்துறையும் தடை சொன்னது. பணம் வந்ததும் உண்மை, சண்டை வந்ததும் உண்மை. என்றாலும் சொன்னவருக்குப் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொண்ட முதல் சில ஒப்பந்தங்களில் இது ஒன்று. உலகம் முழுதும் இதை எடுத்துக்காட்டாகப் பேசினார்கள்.

இட்டி அச்சுதனின் புத்தகம் நெடுநாள் இலத்தீனிலேயே கிடந்தது. அவர் பேரப்பிள்ளைகளே அதைப் படிக்க முடியாது. பரவூரில் பிறந்த கே. எஸ். மணிலால் என்ற தாவரவியல் பேராசிரியர் பல பத்து ஆண்டுகள் அதோடு உழைத்தார். புத்தகத்தில் சொன்ன செடிகளைக் காடு மேடெல்லாம் தேடினார். ஏறக்குறைய எல்லாவற்றையும் கண்டுபிடித்தார். 2003இல் ஆங்கிலத்திலும் 2008இல் மலையாளத்திலும் கேரளப் பல்கலைக்கழகம் அவருடைய மொழிபெயர்ப்பை வெளியிட்டது. முதல் பாகம் அச்சாகி அப்போது 330 ஆண்டுகள் ஆகியிருந்தன. மணிலால் 2025ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி காலமானார். இன்று மலையாளம் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் முதல் பாகத்தைத் திறந்தால், தம் வீட்டு வாசலில் நிற்கும் தென்னையைப் பற்றி இட்டி அச்சுதன் சொன்னதைத் தாமே படிக்கலாம்.