திரும்பத் திரும்ப வந்த கைம்பெண்



லூக்கா நற்செய்தியின் 18ஆம் பிரிவில் இயேசு ஓர் உவமை சொல்கிறார். ஒரு கைம்பெண் நீதி கேட்டு நடுவரிடம் வருகிறார். அந்த நடுவரோ கடவுளுக்கு அஞ்சாதவர், மனிதரையும் மதிக்காதவர். பலநாள் அவர் செவிசாய்க்கவில்லை. ஆனாலும் கைம்பெண் திரும்பத் திரும்ப வருகிறார். கடைசியில் நீதி கிடைக்கிறது.

நச்சரித்தால் எதுவும் கிடைத்துவிடும் என்பதல்ல இதன் பொருள். அந்தப் பெண் கேட்டது சலுகை அல்ல, நீதி. கேட்பது நியாயம் என்று தெரிந்தபின் ஒருவர் 'இல்லை' என்று சொன்னதற்காக அதை விட்டுவிடாமல் இருப்பதே மனந்தளராமை.

நம் மாநில வரலாற்றில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அன்னா ராஜம் ஜார்ஜ் கேரளத்தில் பிறந்தவர். சென்னையில் மேல்படிப்புப் படித்தவர். 1951இல் ஐ.ஏ.எஸ். நேர்முகத் தேர்வுக்குப் போனார். பெண்களுக்கு வெளியுறவுப் பணியோ மத்தியப் பணிகளோதான் பொருந்தும் என்று தேர்வுக் குழுவினர் சொன்னார்கள். அவர் இசையவில்லை. ஐ.ஏ.எஸ்.தான் வேண்டும் என்று நின்று, சென்னை மாநிலத்தைத் தேர்ந்துகொண்டார். திருமணம் செய்தால் வேலை போய்விடும் என்று நியமன ஆணையிலேயே நிபந்தனை இருந்தது. சில ஆண்டுகளில் அந்த விதி மாறியது.

அப்போது முதலமைச்சராக இருந்தவர் இராஜாஜி. சட்டம் ஒழுங்கை ஒரு பெண்ணால் காக்க முடியுமா என்று அவர் தயங்கினார். தலைமைச் செயலகத்தில் வேலை தருவதாகச் சொன்னார். குதிரையேற்றமும் துப்பாக்கிப் பயிற்சியும் ஆண்களைப் போலவே தானும் முடித்திருப்பதை அன்னா எடுத்துச் சொன்னார். ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பாருங்கள் என்று கேட்டார். ஓசூரில் சப்-கலெக்டராக நியமிக்கப்பட்டார். பின்னாளில் திருச்சியில் நடந்த ஒரு பொதுக்கூட்டத்தில் அதே இராஜாஜி அவரை முன்னேறும் பெண்களுக்கு எடுத்துக்காட்டாகப் பாராட்டினார். 1989இல் அன்னாவுக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது.

கவனியுங்கள். மறுத்தவரை அவர் பகைக்கவில்லை, பழிக்கவும் இல்லை. தன்னைத் தகுதிப்படுத்திக்கொண்டு போய்க் கேட்டார். கிடைத்த வேலையைச் செய்து காட்டினார். மறுத்தவரின் வாயே பாராட்டியது.

முயன்ற எல்லாருக்கும் கேட்டது கேட்டபடியே கிடைத்துவிடுவதில்லை. இதுவும் உண்மை. பரீட்சையில் இரண்டாம் முறையும் தவறியவர்கள், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி வெறுங்கையோடு வருகிறவர்கள் நம் பங்கிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இயேசு சொல்வது இதுதான்: நேர்மையற்ற நடுவரே செவிசாய்த்தார் என்றால், உங்கள் வானகத் தந்தை உங்களைக் கைவிடுவாரா? ஒரு கதவு மூடினால் அது அந்தக் கதவின் முடிவுதான். உங்கள் மதிப்பைப் பற்றிய தீர்ப்பு அல்ல.

அன்பார்ந்தவர்களே, இந்த உவமையில் நம்மைக் கைம்பெண்ணின் இடத்தில் வைத்துப் பார்ப்பது எளிது. சில நேரம் நாமே அந்த நடுவராகவும் இருக்கிறோம். 'பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்தப் படிப்பு?', 'உனக்கு இது வராது' என்ற தீர்ப்புகள் நம் வீட்டுத் திண்ணையிலேதான் முதலில் சொல்லப்படுகின்றன. இந்த வாரம் நம் வீட்டில் யாராவது ஒருவர் எதையோ மீண்டும் கேட்க வருவார். பதில் சொல்வதற்கு முன், அவர் கேட்பது நியாயமா என்று ஒரு நிமிடம் அமர்ந்து கேட்போம்.

தளராமல் கேட்கும் மனதையும், கேட்பவருக்குச் செவிகொடுக்கும் மனதையும் இறைவன் நமக்குத் தருவாராக. ஆமென்.