உழைப்பும் உள்ளமும்: மத்யன் ஒப்பந்தம் காட்டும் நெறி

பணியிடச் சோர்வு இன்று உலகளாவிய பேசுபொருளாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டின் பதினொன்றாம் பதிப்பில், இதனை நோயாகக் கொள்ளாது தொழில்சார் நிகழ்வாகவே பதிவு செய்துள்ளது. ஆற்றல் வற்றுதல், வேலையிலிருந்து மனம் விலகுதல், செயல்திறன் குன்றுதல் ஆகிய மூன்றும் அதன் கூறுகளாம். இதற்குப் பரிகாரமாக நிறுவனங்கள் பல தியான வகுப்புகளை நடத்துகின்றன. ஆயின், சுமையைக் குறைக்காமல் சுமப்பவனின் மனத்தை மட்டும் அமைதிப்படுத்துவது ஆன்மீகமாகுமா?

திருக்குர்ஆனின் 28ஆவது அத்தியாயமாகிய அல்கஸஸ் இவ்வினாவிற்கு ஒளி தருகின்றது. எகிப்திலிருந்து அடைக்கலம் தேடி மத்யன் வந்த மூஸா நபி (அலை) அவர்களைப் பணியில் அமர்த்துமாறு முதியவரின் மகள் பரிந்துரைக்கிறார். வலிமையும் நம்பகமும் அவர் கூறும் தகுதிகள். முதியவரோ எட்டாண்டுகள் எனத் தவணை வகுக்கிறார். பத்தாக நிறைவு செய்வதை மூஸா நபியின் விருப்பத்திற்கே விடுகிறார். தம்மால் அவருக்குச் சிரமம் நேரலாகாது என்றும் உறுதியளிக்கிறார். இறுதியில் இருவரின் சொல்லுக்கும் அல்லாஹ்வே பொறுப்பாளனாக்கப்படுகின்றான். திருமணத்தோடு இணைந்த உடன்படிக்கை இது. எனினும், இமாம் புகாரி (ரஹ்) கூலிக்கு அமர்த்துதல் பற்றிய தம் பாடத்தின் தொடக்கத்திலேயே இந்நிகழ்வைச் சுட்டும் வசனத்தை அமைத்துள்ளார்கள்.

இங்கே இறைநினைவு நியாயமான நிபந்தனைகளுக்கு மாற்றாக வரவில்லை. அவற்றின் காவலாக வருகின்றது. அபூதர் (ரலி) அறிவிக்கும் நபிமொழியும் இதனையே வலியுறுத்துகின்றது. கைவசமுள்ள பணியாளர்களைச் சகோதரர்களாகக் கருதவும், சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தாதிருக்கவும், சுமத்த நேர்ந்தால் தாமும் கைகொடுக்கவும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அடிமை முறை நிலவிய காலத்தில் அடிமைகளுக்கே இவ்வுரிமை எனில், ஒப்பந்தத் தொழிலாளர்க்கு எவ்வளவு பொருந்தும்!

மறுபுறம், உழைப்பவரின் உள்ளத்திற்கும் கடமையுண்டு. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்), இஹ்யாவில் பொருளீட்டலுக்கென ஒரு நூற்பகுதியை ஒதுக்கி, நல்ல நிய்யத்தால் தொழிலும் வணக்கமாகும் என விளக்குகிறார்கள். உலகச் சந்தை மறுமைச் சந்தையைத் தடுத்துவிடலாகாது எனவும் எச்சரிக்கிறார்கள்.

ஆகவே, தொழுகைக்கு இடம் ஒதுக்கும் முதலாளி பாராட்டுக்குரியவர். அவ்விடத்திற்குச் செல்ல நேரமும், திரும்பி வந்து செய்யத் தாங்கத்தக்க வேலையும் தருபவரே மத்யன் முதியவரின் வழி நின்றவராவார்.