கையை விரிச்சுக் காட்டுங்க சார்!

காவாந்தண்டலம் டீக்கடையில் ஒரு தம்பி அடுக்கிக்கொண்டே போனார். "பூஜ்யம் நாம கொடுத்தது. செஸ் நாம கொடுத்தது. சைனாக்காரனுக்குக் குங்ஃபூ சொல்லிக்கொடுத்ததே நம்ம காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தான் சார்!"

பூஜ்யம், செஸ்... ஓகே. குங்ஃபூதான் இடிக்கிறது. போதிதர்மர் காலத்துக்குப் பல நூற்றாண்டு கழித்துக் கிளம்பிய கதை அது. பெருமைப்பட சைனாவரை போவானேன்? இந்தப் பக்கம் உத்திரமேரூருக்கு ஒரு பஸ் டிக்கெட் போதும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துத் தேர்தல் விதிகளைக் கி.பி. 919-லும் 921-லும் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

குடவோலை முறையை எல்லோரும் ஸ்கூலிலேயே உருப்போட்டிருப்போம். எனக்குப் பிடித்தது, தில்லுமுல்லு நுழையாமல் ஓட்டையை அடைத்த விதம். ஊரில் 30 குடும்பு, அதாவது வார்டு. பெயர் எழுதிய ஓலைகளை வார்டுவாரியாகக் கட்டிக் குடத்தில் போடுவார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாத சின்னப் பையன் ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரித்து வேறு குடத்தில் போட்டுக் குலுக்கியதும் ஓர் ஓலை எடுத்துக் கொடுப்பான். வாங்குகிற மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும்! விரலிடுக்கில் வேறு ஓலையைச் செருகும் கில்லாடிகள் அப்போதே இருந்திருப்பார்கள் போலிருக்கிறது.

இது சுத்தமான கணித மூளை. எந்த ஓட்டு மெஷின் எந்த பூத்துக்கு என்பதை இன்றைக்குத் தேர்தல் கமிஷன் கம்ப்யூட்டரில் குலுக்கித்தான் தீர்மானிக்கிறது. அதுவும் இரண்டு கட்டமாக. அதே லாஜிக்!

உடனே "உலகத்திலேயே நாமதான் ஃபர்ஸ்ட்" என்று கிளம்பிவிடாதீர்கள். ஏதென்ஸ்காரர்கள் கி.மு.விலேயே குலுக்கல் போட்டுப் பதவி கொடுத்தார்கள். தவிர, உத்திரமேரூரில் இருந்தது அந்தணர் சபை. 921 விதிப்படி வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். நிலத்தை உழுதவர் பெயர் குடத்துக்குள் போகவில்லை. பெண்கள் பெயரும்தான்.

ஆனாலும் பி.காம். படித்த என்னை அசத்தியது இன்னொரு விதி. பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவர் மட்டுமா? சித்தி, பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, மாமனார், மச்சான், மாப்பிள்ளை எல்லோரும் அவுட்!

அந்தத் தம்பிக்கு என் சிபாரிசு இதுதான். பெருமை பேசுவதென்றால் இதைப் பேசுங்கள். கூடவே, இந்த ஒரு விதியை மட்டும் இன்றைக்குக் கொண்டுவந்தால் குடத்தில் எத்தனை ஓலை மிஞ்சும் என்று எண்ணியும் பாருங்கள். அதற்குக் கால்குலேட்டர்கூட வேண்டாம், விரித்த கையில் இருக்கிற ஐந்து விரலே போதும்!