காணாமற்போன பூனை

ஒரு வீட்டுப் பூனை காணாமற் போனால் அவ்வீட்டார் யாரிடம் போய் முறையிடுவது? ஆடு மாடு களவு போயிற்றென்றால் போலீஸாரிடம் பிராது கொடுக்கலாம். திருவிழாக் கூட்டத்தில் குழந்தை தவறிவிட்டால் ஒலிபெருக்கியில் அதன் பெயரைக் கூவுவார்கள். பூனை போயிற்றென்றாலோ, ‘பூனைதானே, வேறொன்று தானாக வந்து சேரும்’ என்று அண்டை வீட்டார் ஆறுதல் கூறிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போவார்கள். ராஜீய விவகாரங்களை ஆராய வேண்டிய இவ்விடத்தில் பூனையைப் பற்றி எழுதுவானேன் என்று நேயர் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆயினும், ஓர் உயிரைக் கண்டெடுத்தவன் அதைத் தானே வைத்துக்கொள்ளலாமா, இழந்தவனுக்கு உரிமை யாது, ஊருக்குப் பொறுப்பு யாது என்ற கேள்விகளுக்கு விடை தேடியே ஆகவேண்டும்.

சங்கரன்கோவிலை முன்னிட்டு இதைப் பேசுவதற்குக் காரணமுண்டு. 2019 நவம்பரில் திருநெல்வேலி ஜில்லாவினின்று பிரிந்த தென்காசி ஜில்லாவைச் சேர்ந்த இந்நகரம், பிராணிகளுக்குத் தன் கோயிலிலேயே இடம் கொடுத்த ஊர். கோமதியம்மனுக்கு ஆவுடைநாயகி என்றும் பெயர். பசுக்கூட்டம் அப்பெயரிலேயே அடங்கியிருக்கிறது. சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று வாதிட்டவர்கள் சங்கன், பதுமன் என்னும் இரண்டு நாகராஜர்கள் என்பது ஸ்தல புராணம். அம்மன் தவமிருந்து அரியையும் அரனையும் ஒரே திருமேனியில் கண்டதைத்தான் ஆடித்தபசாகக் கொண்டாடுகிறோம். பாம்பு, தேள் இவற்றின் உருவங்களைத் தகட்டில் வாங்கிக் காணிக்கை செலுத்துவதும், புற்றுமண்ணை மருந்தாக இட்டுக்கொள்வதும் இன்றும் நடைபெறுகின்றன. நஞ்சுடைய ஜந்துக்களுக்கும் உண்டியலில் இடமுண்டு. வீட்டுக்குள் நம்முடன் படுத்துறங்கும் பூனை தவறிப்போன அன்று, இத்தகைய சிறு நகரங்களில் போய் விசாரிப்பதற்கு ஓரிடமில்லை.

மாட்டுக்கு அவ்விடம் இருந்தது. பழைய தலைமுறையினர் கொண்டித் தொழுவை அறிவார்கள். 1871ஆம் வருஷத்துக் கால்நடை அத்துமீறல் சட்டப்படி, பிடிபட்ட மாட்டைத் தொழுவில் அடைத்துப் பதிவு செய்யவேண்டும். ஏழு நாளில் உடையவன் வாராவிடில் போலீஸ் ஸ்டேஷனுக்கு அறிக்கை போகும். ஸ்டேஷன் அதிகாரி பிராணியின் அங்க அடையாளங்களையும், அது பிடிபட்ட இடத்தையும் எழுதி ஒட்டி, அக்கிராமத்திலும் அருகிலுள்ள சந்தையிலும் தமுக்கடித்து அறிவிக்க வேண்டும். மேலும் ஏழு நாள் பொறுத்த பிறகே ஏலம். யானை, ஒட்டகம் முதல் கழுதை, பன்றி, ஆட்டுக்குட்டி ஈறாக எல்லாம் அச்சட்டத்தின் ஜாபிதாவில் உண்டு, பூனை இல்லை. அச்சட்டம் பயிரைக் காக்க எழுந்ததே யொழியப் பசுவின்மேல் கருணையால் எழுந்ததன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். எனினும் கிடைத்த பிராணிக்கு ஒரு பதிவு, இழந்தவன் வந்து கேட்க ஓரிடம், ஊருக்கு ஒரு தண்டோரா என்ற அந்த ஒழுங்கில் யாதொரு குறையும் சொல்வதற்கில்லை.

தண்டனைச் சட்டத்தின் கதை இன்னும் விசித்திரமானது. 1860இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டம், பிராணிகளைக் கொல்வதையும் ஊனப்படுத்துவதையும் குற்றமாக்கியபோது, கூடவே விலையையும் கேட்டது. 428ஆம் பிரிவுக்குப் பத்து ரூபாய் பெறுமானம் வேண்டும். கடுமையான 429ஆம் பிரிவு, யானை, குதிரை, எருமை, பசு முதலியவற்றுக்கு விலை கேளாமல் விட்டு, மற்றப் பிராணிகள் ஐம்பது ரூபாயாவது பெறவேண்டும் என்றது. மழைக்கு ஒதுங்கி வந்து வீட்டோடு தங்கிவிட்ட பூனைக்கு எந்தச் சந்தையில் விலை விசாரிப்பது? எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, ‘இதன் மதிப்பென்ன?’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், பிராதுக்காரன் விழிக்க வேண்டியதுதான். 2024 ஜூலை 1இல் அமுலுக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு இந்த விலை ஷரத்தை அடியோடு நீக்கிவிட்டது. எப்பிராணியானாலும் ஐந்து வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அச்சட்டத்துக்குச் சூட்டிய பெயரின் பாஷையைப் பற்றி நமக்குள்ள அபிப்பிராயம் வேறு. இந்த மாற்றத்தை மனமார வரவேற்கிறோம்.

ஆனால் பூனையைக் கொல்லாதிருந்தால் மட்டும் அது வீடு வந்து சேர்ந்துவிடாது. அதை வீடு திரும்பவொட்டாமல் செய்வது பல சமயங்களில் பரிவே. தெற்குத் தெருவில் ஓர் அம்மாள், மெலிந்து வாசலில் வந்து நின்ற பூனைக்குப் பாலூற்றி, ‘வாயில்லாத ஜீவன், பாவம்’ என்று உள்ளே அழைத்துக்கொள்கிறார். வடக்குத் தெருவில் ஒரு வீட்டார் அதே பூனையைப் பத்து நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இருவரும் நல்லவர்கள். இரு தெருவுக்கும் இடையில் செய்தி செல்ல வழியில்லை என்பதுதான் கேடு.

சட்டம் இவ்விஷயத்தில் மௌனமாயில்லை. பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன் வசத்தில் வைத்துக்கொண்டவன், அடைக்கலமாகப் பெற்றவனுக்குள்ள பொறுப்பையெல்லாம் ஏற்கிறான் என்பது 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆம் பிரிவு. பழைய தண்டனைச் சட்டத்தின் 403ஆம் பிரிவும், அதனிடத்தில் வந்துள்ள புதிய 314ஆம் பிரிவும், உடையவனுக்குத் திருப்பிக் கொடுக்கும் எண்ணத்துடன் எடுத்தவன் குற்றவாளியல்லன் என்று தெளிவாகச் சொல்லுகின்றன. ஆயின், உடையவனைக் கண்டுபிடிக்கத் தக்க முயற்சி செய்து, அவனுக்குத் தெரிவித்து, நியாயமான காலம் வைத்திருந்து பாராமல் தனதாக்கிக்கொண்டால் அது குற்றம். பூனையும் சட்டத்தின் கண்ணில் ஓர் அசையும் சொத்தே. அந்த அம்மாளைக் கோர்ட்டுக்கு இழுக்கவேண்டும் என்பது நமது கருத்தன்று. தெருவில் நாலு பேரிடம் விசாரித்துவிட்டு வைத்துக்கொள்ளட்டும் என்பதே.

வெகுமதி அறிவிப்போர் கவனிக்க ஒரு செய்தி. 1913இல் அலகாபாத் ஹைகோர்ட்டில் லால்மன் சுக்லா என்ற குமாஸ்தாவின் வழக்கு வந்தது. எஜமானரின் மருமகனான சிறுவன் ஓடிப்போக, அவனைத் தேடும்படி அனுப்பப்பட்ட குமாஸ்தா ரிஷிகேசத்தில் அவனைக் கண்டுபிடித்தார். அதற்கிடையில் எஜமானர் 501 ரூபாய் வெகுமதி என்று நோட்டீஸ் அச்சிட்டிருந்தார். குமாஸ்தாவுக்கு அது தெரியாது. அறியாத வாக்குறுதியை ஏற்றதாகக் கொள்ள முடியாதென்று கோர்ட்டார் தள்ளிவிட்டனர். அறிவித்த வெகுமதியை அறிந்து, பொருளைக் கொண்டுவந்து கொடுப்பவனோ 168ஆம் பிரிவின்படி வழக்காடியே வாங்கிக்கொள்ளலாம். ஆகையால் கொடுக்க மனமில்லாத தொகையை நோட்டீஸில் போடாதிருப்பது நலம்.

இது நிற்க. பூனையை எங்கே தேடுவது? பஸ் ஸ்டாண்டுக்கும் ரயிலடிக்கும் ஓடுவோர் உண்டு. அது வீண் அலைச்சல். காணாமற்போன 1,210 பூனைகளைப் பற்றி ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் முதலானோர் 2018இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கிடைத்த பூனைகளில் நான்கில் மூன்று பங்கு, தவறிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே கிடைத்தன என்று கண்டார்கள். ஒரு வருஷத்துக்குள் உயிரோடு கிடைத்தவை 100க்கு 61. முதல் ஏழு நாளிலேயே கிடைத்தவை 100க்கு 34. தொண்ணூறு நாள் கடந்தபின் கிடைத்தவை சொற்பம். காலால் நடந்து தேடியவர்களுக்குப் பலன் அதிகம்.

சங்கரன்கோவில் தெருக்களுக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். 500 மீட்டர் என்பது ஒருவன் நிதானமாக நடந்து ஏழெட்டு நிமிஷத்தில் கடக்கும் தூரம். அதற்குள் எத்தனை விசைத்தறிக் கூடங்கள், பூட்டிய அறைகள், விறகுக் கொட்டகைகள், மாடிப்படிகளின் அடிப்பக்கங்கள்! பயந்த பூனை ஓடாது, ஒடுங்கும். பெயர் சொல்லி அழைக்கும் எஜமானனுக்கும் குரல் கொடாது, நாட்கணக்கில் பதுங்கியிருக்கும். இதையறியாதவர்கள் இரண்டு முறை தெருவில் கூவிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஊர் அடங்கி, தறிச் சத்தமும் ஓய்ந்த வேளையில், ஒருவர் மாத்திரம் டார்ச்சு விளக்குடன் தரையோடு தரையாகப் பார்த்து வரவேண்டும். இருளில் பூனையின் கண் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். பூட்டிய கூடங்களின் சொந்தக்காரரைக் கேட்டுத் திறந்து பார்ப்பது மிக முக்கியம். அங்கே அடைபட்டது தண்ணீரின்றிச் சாகும்.

பூனையைத் தேடுவது பெரியோர் செய்யும் காரியமா என்று கேட்போருக்கு ஜப்பானிலிருந்து ஒரு திருஷ்டாந்தம். உச்சிதா ஹ்யாக்கென் அந்நாட்டின் பெயர்பெற்ற எழுத்தாளர். தோட்டத்துக்கு வந்து சேர்ந்த தெருப்பூனைக் குட்டியொன்று அவர் வீட்டில் நோரா என்ற பெயருடன் வளர்ந்தது. 1957 மார்ச் 27இல் அது வெளியே போயிற்று, திரும்பவில்லை. அப்பொழுது அவருக்கு வயது 67. பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். துண்டுப் பிரசுரங்களைப் பன்முறை அச்சிட்டு வழங்கினார். அக்கம்பக்கத்து அந்நியர்களும் அறியும்பொருட்டு இங்கிலீஷிலும் ஒன்று அச்சிட்டார். குழந்தையைப் பறிகொடுத்தவர்போல் அழுததை அவர் மறைக்கவில்லை. நோராவைப் பற்றிப் புஸ்தகமே எழுதினார். அகிரா குரோசாவா 1993இல் எடுத்த தமது கடைசிப் படத்தில் இந்நிகழ்ச்சியும் இடம்பெறுகிறது. நோரா வரவேயில்லை.

இனி, தொலைந்த பூனையைவிட எண்ணிக்கையில் மிகுந்தது தொலைக்கப்பட்ட பூனை. குட்டிகளைச் சாக்கில் கட்டி ஊரெல்லைக்கு அப்பால் விட்டுவிட்டு வருவதை நம்மவர்கள் ஒரு பாபமாகவே கருதுவதில்லை. பூனை குறுக்கே போனால் சகுனத்தடை என்று திரும்பிவிடுவோரும் இதைக் கூசாமல் செய்கிறார்கள். பசியாலோ தாகத்தாலோ வருந்தும்படி பிராணியைக் கைவிடுவது 1960ஆம் வருஷத்துப் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். அச்சட்டம் முதல் குற்றத்துக்கு வைத்த அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை! 1960இல் அது ஒரு தொகை. இன்று சங்கரன்கோவில் பிரியாணி ஒரு பொட்டலத்துக்குக் காணாது. இதைத் திருத்தாமல் வைத்திருந்த சட்டசபைகள், ஏனைய விஷயங்களில் அபராதத்தை உயர்த்த ஒருபோதும் மறந்ததில்லை.

ஆகவே தெருவில் காணும் பூனை எவ்வகை என்று அறிவது அவசியம். காது நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால் கருத்தடை செய்து விடப்பட்ட தெருப்பூனை; அதை அங்கேயே விடவேண்டும். மனிதரைக் கண்டு சீறுவதெல்லாம் காட்டுப்பூனையாகிவிடாது. வழி தவறிய வீட்டுப் பூனையும் முதல் சில நாள் அப்படியே சீறும். பிடிக்கையில் கடித்தாலோ பிறாண்டினாலோ, சோப்பிட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநோய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இதில் தாமதம் உயிருக்கு ஆபத்து.

இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல் ஒவ்வொரு வளர்ப்புப் பூனைக்கும் தோலுக்கடியில் அரிசியளவு அடையாளச் சில்லு பொருத்துவது கட்டாயம். தவறினால் 500 பவுன் வரை அபராதம். நமது சிறு நகரங்களுக்கு இப்பொழுதே அது வேண்டுமென்று கூறமாட்டோம். ஒரு நாற்பது பக்க நோட்டுப் புஸ்தகம் போதும். கால்நடை ஆஸ்பத்திரியிலோ, முனிசிபல் ஆபீஸிலோ, மனமுள்ள ஒரு வாசகசாலையிலோ அது இருக்கட்டும். இழந்தவர் ஒரு பக்கத்திலும் கண்டெடுத்தவர் எதிர்ப்பக்கத்திலும் எழுதட்டும். இழந்தவர் ஓர் அடையாளத்தை மாத்திரம் எழுதாமல் தம் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். உரிமை கொண்டாடி வருபவரை, ‘வாலின் அடியில் என்ன நிறம்?’ என்று கேட்டால் பொய்யன் அங்கேயே நிற்பான். வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவோர் இருக்கிறார்கள். ஆனால் அது அவரவர் கூட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறது, எதிர்த் தெருவுக்குப் போவதில்லை.

ஊரார் இப்பதிவேட்டைத் தொடங்கும் வரையில், காணாமற்போன அல்லது கண்டெடுத்த பிராணிகளைப் பற்றிய அறிவிப்புகளை இப்பத்திரிகையில் கட்டணமின்றி வெளியிடுவோம். நிறம், வயது, தவறிய தெரு, தேதி இவற்றை ஒரு கார்டில் நாலு வரிக்கு மிகாமல் எழுதி அனுப்புக. தவறி ஏழு நாளுக்கு உட்பட்டவற்றுக்கு முதலிடம் கொடுக்கப்படும்.