நீரடிமுத்து எண்ணெய்: வால் நுனியில் ஒரு வளையம்

பாளையங்கோட்டை நாட்டு மருந்துக் கடையில் நீரடிமுத்து என்று கேட்டால், கெட்டி ஓடும் கோணல் வடிவமுமாக ஒரு விதையைக் காட்டுவார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைக்கரைகளில் வளரும் மரத்தின் விதை அது. கேரளத்தில் அந்த மரத்துக்கு மரோட்டி என்று பெயர். 1964-ல் தொடங்கிய பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவர்களுக்கு இது பழகிய சரக்கு. தொழுநோய்க்கும் தோல் நோய்களுக்கும் சித்த மருத்துவம் இதை நெடுங்காலம் கையாண்டிருக்கிறது.

நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் இல்லாத எது இதில் இருக்கிறது? எண்ணெய்களில் உள்ள கொழுப்பு அமிலங்கள் நீண்ட கரிமச் சங்கிலிகள். சாதாரண எண்ணெயில் அந்தச் சங்கிலியின் வால் வெறுமனே முடிந்துவிடும். நீரடிமுத்து எண்ணெயிலோ வால் நுனியில் ஐந்து கரிம அணுக்கள் கைகோத்து ஒரு வளையமாக நிற்கின்றன. 16 கரிம அணுக்கள் கொண்டது ஹிட்னோகார்பிக் அமிலம், 18 கொண்டது சால்மூக்ரிக் அமிலம். தொழுநோய், காசநோய்க் கிருமிகளின் குடும்பத்தை எதிர்ப்பவை இவைதான். அந்தக் குடும்பத்துக் கிருமிக்கு வேண்டிய பயோட்டின் என்ற வைட்டமினின் வேலையை ஹிட்னோகார்பிக் அமிலம் தடுப்பதாக 1970-களின் ஆய்வு காட்டியது. மற்றப் பாக்டீரியாக்களிடம் அது அவ்வளவாக எடுபடவில்லை. ஆகவே இது எல்லாக் கிருமியையும் கொல்லும் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

எண்ணெய் அசலா என்பதையும் அந்த வளையமே காட்டிக்கொடுக்கும். ஒரே தளத்தில் அதிரும் ஒளியை இதனூடே செலுத்தினால், ஒளியின் தளம் வலப்பக்கம் வெகுவாகத் திரும்பும். சமையல் எண்ணெய்களில் இந்தத் திருப்பம் மிகச் சொற்பம். மலிவான எண்ணெயைக் கலந்தால் அளவு உடனே இறங்கிவிடும். இன்னொரு சோதனை அமில எண். ஒரு கிராம் எண்ணெயில் பிரிந்து கிடக்கும் அமிலத்தைச் சமன்படுத்த எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தேவை என்ற கணக்கு அது. ஈரம்பட்ட விதை, பழைய விதை என்றால் எண் ஏறும். எண்ணெய் சிக்கு நாற்றமடித்துத் தோலை எரிக்கும்.

நல்ல எண்ணெயும் சுலபமான மருந்தாக இருக்கவில்லை. குடித்தால் குமட்டல், வாந்தி. ஊசியில் ஏற்றினால் பிசுபிசுப்பால் தோலுக்கடியிலேயே கட்டி நிற்கும். ஹவாயில் ஆலிஸ் பால் என்ற இளம் வேதியியலாளர் அந்த அமிலங்களை எத்தில் எஸ்டராக மாற்றி, உடல் உறிஞ்சும் ஊசி மருந்தாக்கினார். 1916-ல் இறந்தபோது அவருக்கு 24 வயது. அவர் முறையை வேறொருவர் தம் பெயரில் வெளியிட்டார். பல்லாண்டுகள் கழித்தே உரிய பெருமை அவரைச் சேர்ந்தது. 1940-களில் சல்ஃபோன் மருந்துகள் வந்ததும் இந்த எண்ணெயின் காலம் முடிந்தது.

இன்று தொழுநோய்க்கு மருந்து கூட்டு மாத்திரைகள்தான். உடலில் வெளிறிய, தொட்டால் உணர்ச்சியில்லாத தேமல் கண்டால் எண்ணெய் தேடி அலையாதீர்கள். பக்கத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மாத்திரை இலவசம், தொடர்ந்து சாப்பிட்டால் நோய் முழுதாகக் குணமாகும்.